பாலக்கோட்டுச் சிறுமியும் அக்ரின் புரதமும்: ஒரு நிகழ்வு ஆய்வு

நரம்பு முனைக்கு இரண்டு வேலைகள் உண்டு. அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை வெளியிட்டுத் தசையைச் சுருங்கச் செய்வது ஒன்று. அந்த அசிட்டைல்கோலினை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளைத் தனக்கு நேர் எதிரே, தசையின் மேற்பரப்பில் கூட்டிவைத்து, அவை கலைந்துபோகாமல் காப்பது மற்றொன்று. முதல் வேலையை மருத்துவக் கல்லூரியில் வாரக்கணக்கில் படிக்கிறோம். இரண்டாவதை ஒரு பத்தியில் கடந்துவிடுகிறோம். அந்த இரண்டாவது வேலை பிறவியிலேயே பழுதான ஒரு சிறுமியைப் பற்றியது இந்த ஆய்வு. எந்த வேலை கெட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தே மருந்து அமைகிறது. நோயின் பெயரை மட்டும் பார்த்துப் பழகிய மருந்தைக் கொடுத்தால் குழந்தை மோசமாகலாம். சொந்தத்துக்குள் திருமணம் பரவலாக இருக்கும் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இப்படிப்பட்ட குழந்தைகளை இனியும் பார்க்கப்போகிறோம். அதனால்தான் சற்று விரிவாக எழுதுகிறேன்.

குடும்பத்தின் ஒப்புதல் பெற்று, அவர்களை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

குழந்தையும் குடும்பமும்

சிறுமிக்கு வயது நான்கரை. ஊர் பாலக்கோடு வட்டத்தில் ஒரு கிராமம். தக்காளி பயிரிட்டுப் பாலக்கோடு மண்டிக்கு அனுப்பும் குடும்பம். அப்பா, அம்மா, பாட்டி மூவரும் அழைத்து வந்தார்கள். அப்பா பாட்டியை "அக்கா" என்று கூப்பிட்டார். அம்மா "அம்மா" என்று கூப்பிட்டார். சிறுமி "ஆயா" என்றாள். உறவுமுறையைத் தனியாகக் கேட்டு அறிய வேண்டிய தேவை இருக்கவில்லை. தாய்மாமனுக்கே கட்டிக்கொடுத்திருக்கிறார்கள்.

சுகப்பிரசவம். அழுகுரல் மெலிவாக இருந்தது, பால் குடிக்க நேரம் பிடித்தது. கழுத்து நிற்பதும் உட்கார்வதும் தாமதம். இரண்டு வயது தாண்டித்தான் நடந்தாள். ஓடும்போது விழுவாள், தரையிலிருந்து எழுவதற்கு எதையாவது பிடித்துக்கொள்வாள், பஸ் படியில் ஏற முடியாது. பேச்சிலும் புத்தியிலும் எந்தக் குறையும் இல்லை. இவளுக்கு முன் பிறந்த ஆண் குழந்தை மூன்றாவது மாதத்தில் சளிக் காய்ச்சல் வந்து மூச்சுத் திணறி இறந்துவிட்டது. அந்தச் சாவைப் பற்றி அம்மாவாகச் சொல்லவில்லை, கேட்ட பிறகுதான் சொன்னார். பல குடும்பங்களில் இப்படித்தான். குழந்தை நலப் பிரிவில் ஒவ்வொரு தாயிடமும் "இதற்கு முன் எத்தனை பிள்ளைகள்" என்று கேட்பதோடு நிறுத்தாமல், "எத்தனை பேர் இருக்கிறார்கள்" என்றும் கேட்க வேண்டும்.

நோயறிதலுக்கு வழி திறந்தது பாட்டி சொன்ன ஒரு வாக்கியம்: "காலையில் திண்ணையில் தானே ஏறுகிறாள் சார், சாயங்காலம் ஆனால் பறித்துப்போட்ட கீரை மாதிரி துவண்டுவிடுகிறாள்."

முன்பு பார்த்த இடத்தில் இதை யாரும் கேட்கவில்லை. கால்கள் பலவீனம், தாமதமான நடை, வாத்து நடைபோல் இடுப்பை அசைத்து நடப்பது, அப்பாவின் பற்களில் பழுப்புக் கறை, வீட்டில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் என எல்லாவற்றையும் சேர்த்து ஃபுளோரோசிஸ் என்று எழுதி, கால்சியமும் வைட்டமின் டியும் ஓராண்டாகக் கொடுத்துவந்தார்கள். தர்மபுரி மருத்துவர் யாருக்கும் முதலில் இந்த எண்ணம்தான் வரும். இந்த மாவட்டத்தின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் தணிப்புத் திட்டம் ஜப்பான் நிதியுதவியோடு கொண்டுவரப்பட்டு 2013-இல் தொடங்கிவைக்கப்பட்டது. ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு உள்ள தண்ணீரை ஆண்டுக்கணக்கில் குடித்தவர்களின் பற்களையும் எலும்புகளையும் நாம் தினமும் பார்க்கிறோம். ஆனால் ஃபுளோரோசிஸ் எலும்பையும் மூட்டையும் பிடிக்கும் நோய். காலையில் நன்றாக இருந்து மாலையில் துவள்வது அதன் இயல்பில் இல்லை. சிறுமியின் மணிக்கட்டு, முழங்கால் எக்ஸ்ரேக்களில் எலும்பு இயல்பாகவே இருந்தது.

பரிசோதனை

இமைகள் லேசாகத் தாழ்ந்திருந்தன. விழிகள் எல்லாத் திசையிலும் நன்றாகத் திரும்பின. ஒரு நிமிடம் மேலே பார்த்துக்கொண்டே இருக்கச் சொன்னபோது இடது இமை மெல்ல இறங்கி, கண்மணியின் பாதியை மறைத்தது. தோளும் இடுப்பும் பலவீனம். தரையிலிருந்து எழ, தன் தொடையின் மேலேயே கையை ஊன்றி ஏறினாள். கையின் சிறு தசைகள் ஓரளவு வலுவாக இருந்தன. தசைநாண் எதிர்வினைகள் குறைந்திருந்தாலும் இருந்தன; நாக்கில் துடிப்பு இல்லை.

இத்தனை பலவீனத்தோடு ஒரு குழந்தை வந்தால் முதலில் விலக்க வேண்டியது முதுகுத்தண்டுத் தசைச் சிதைவு நோய். அதற்கான எஸ்எம்என்1 மரபணுப் பரிசோதனை இயல்பாக வந்தது. தசை நார்ச் சிதைவைக் காட்டும் கிரியேட்டின் கைனேஸ் அளவும் இயல்பு. பாட்டியிடம் கைபேசியில் இரண்டு வீடியோ எடுத்துவரச் சொன்னேன்: ஒன்று தூங்கி எழுந்ததும், மற்றொன்று விளையாடிவிட்டு வந்த பிறகு, இரண்டிலும் அதே திண்ணை. காலை வீடியோவில் வலது காலைத் தூக்கி வைத்து, கையை ஊன்றி, ஒரே முயற்சியில் ஏறிவிட்டாள். மாலை வீடியோவில் காலைத் தூக்கப் பார்த்து, பாதியில் இறக்கிவிட்டு, திண்ணையில் கன்னத்தைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். எந்த ஆய்வகத் தாளையும்விட அந்த இரண்டு துண்டுகளும் எனக்கு அதிகம் சொல்லின.

அடுத்தது, நரம்பைத் திரும்பத் திரும்பத் தூண்டித் தசையின் மின் எதிர்வினையை அளக்கும் பரிசோதனை. நொடிக்கு மூன்று முறை தூண்ட வேண்டும். முதல் அலையோடு நான்காவது அலையை ஒப்பிட்டு, 10 சதவீதத்துக்கு மேல் உயரம் குறைந்தால், நரம்பு முனை தசையைச் சந்திக்கும் இடமான நரம்புத்தசைச் சந்திப்பில் கோளாறு. இதில் இரண்டு விஷயங்களில் கவனம் தேவை. குளிரூட்டிய அறையில் குழந்தையின் கை சில்லிட்டிருந்தால் குறைவு தெரியாமல் போகும். சூடாக்கிய பிறகே அளக்க வேண்டும். இரண்டாவது, கையில் மட்டும் பார்த்துவிட்டு இயல்பு என்று எழுதிவிடக் கூடாது. இவளுக்குக் கையில் கிட்டத்தட்ட இயல்பாக இருந்தது. கழுத்தோரத் துணை நரம்பைத் தூண்டி, தோளின் டிரபீசியஸ் தசையில் பதிந்தபோது அலைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெளிவாகச் சரிந்தன.

பிறந்ததிலிருந்தே இருக்கும் பலவீனம், நெருங்கிய சொந்தத்தில் திருமணம், ஏற்பிக்கும், ஏற்பிகளைக் கூட்டிவைப்பதில் பங்கெடுக்கும் மஸ்க் புரதத்துக்கும் எதிரான ஆன்டிபாடிகள் இல்லை. நரம்புத்தசைச் சந்திப்பு பிறவியிலேயே பழுதாகித் தசைகள் சோர்ந்துபோகும் பிறவி மயஸ்தீனிக் நோய்த்தொகுப்பு என்ற முடிவுக்கு வந்தோம்.

பைரிடோஸ்டிக்மின் கொடுத்தபோது

இந்த நோய்த்தொகுப்பில் முப்பதுக்கும் மேற்பட்ட மரபணுக்கள் இதுவரை இனங்காணப்பட்டிருக்கின்றன. அவற்றில் அதிகம் காணப்படுபவற்றில் ஒன்று, அசிட்டைல்கோலின் ஏற்பியின் எப்சிலான் துணைக்கூற்றைப் பாதிக்கும் வகை. அதற்குப் பைரிடோஸ்டிக்மின் நன்றாக வேலை செய்யும். அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் என்சைமை அது தடுக்கிறது. அதனால் வெளியான அசிட்டைல்கோலின் இடைவெளியில் கூடுதல் நேரம் தங்கி ஏற்பிகளைத் தட்டி எழுப்புகிறது. மரபணு முடிவு வரச் சில வாரங்கள் ஆகும் என்பதால், குழந்தையை உள்நோயாளியாக வைத்துக் கண்காணித்தபடி சிறிய அளவில் தொடங்கினோம்.

பலன் இல்லை. இரண்டாவது வாரத்தில் கையைத் தலைக்கு மேல் தூக்குவது குறைந்தது, விழுங்கும்போது புரையேறத் தொடங்கியது. மருந்தை நிறுத்தினோம், சில நாட்களில் பழைய நிலைக்குத் திரும்பினாள்.

இந்த எதிர்வினையே ஒரு தடயமாக அமைந்தது. பைரிடோஸ்டிக்மினால் மோசமாகக்கூடிய வகைகள் சிலவே. அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் என்சைமே சந்திப்பில் நிலைகொள்ளாத வகை, ஏற்பி அளவுக்கு மீறித் திறந்திருக்கும் வகை ஆகிய இரண்டிலும், நரம்பை ஒருமுறை தூண்டினால் தசை இரண்டு முறை எதிர்வினை காட்டுவது வழக்கம். இவளிடம் அது இல்லை. நரம்பு முனை அசிட்டைல்கோலினை வெளியிடுவதில் குறை இருந்தால், சில நொடிகள் கையை இறுக மடக்கித் திறந்த பிறகு தசையின் அலை பெருத்து எழும். விளையாட்டாக ஒரு பந்தைப் பிடித்து நசுக்கச் சொல்லிப் பார்த்தோம், அதுவும் இல்லை. எஞ்சியது, ஏற்பிகளைக் கூட்டிவைக்கும் புரதங்களின் பாதை: அக்ரின், எல்ஆர்பி4, மஸ்க், டாக்-7.

மரபணு அறிக்கை அதையே சொன்னது. முதல் குரோமோசோமில் உள்ள அக்ரின் மரபணுவின் இரு பிரதிகளிலும் ஒரே மாற்றம். மஸ்க் புரதத்தைத் தூண்டும் முனைப் பகுதியில் ஒரு அமினோ அமிலம் மாறியிருந்தது. முன்பு எங்கும் பதிவாகாத மாற்றம் என்பதால் ஆய்வகம் "முக்கியத்துவம் தெளிவற்றது" என்ற வகையில் வைத்தது. அந்தச் சொல்லைக் கண்டு அறிக்கையை ஒதுக்கிவைக்கும் மருத்துவர்கள் உண்டு. அப்படிச் செய்யக் கூடாது. பெற்றோர் இருவரிடமும் அந்த மாற்றம் ஒவ்வொரு பிரதியில் இருந்தது. குழந்தையின் பலவீனத்தின் அமைப்பு, மின் பதிவு, மருந்துக்குக் காட்டிய எதிர்வினை எல்லாம் அந்த மரபணுவோடு பொருந்தின. ஆய்வகத்தின் வரியையும் படுக்கையருகே கண்டதையும் ஒன்றாக வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

நரம்பு முனை எப்படிக் கட்டுகிறது

கருவில் எட்டு ஒன்பது வாரங்களிலேயே இயக்க நரம்புகள் தசையை வந்து தொட்டுவிடுகின்றன. முதிர்ந்த சந்திப்பில் நரம்புக்கும் தசைக்கும் இடையே உள்ள இடைவெளி சுமார் 50 நேனோமீட்டர். அந்த இடைவெளிக்கு எதிரே, தசைச் சவ்வின் ஒவ்வொரு சதுர மைக்ரோமீட்டரிலும் ஏறத்தாழ 10,000 ஏற்பிகள் நெருக்கமாக நிற்கின்றன; சற்றுத் தள்ளிப் பார்த்தால் ஏற்பியே அரிது. இவ்வளவு துல்லியமாக ஏற்பிகளை அங்கே கொண்டுவந்து சேர்ப்பது யார் என்ற கேள்விதான் இந்தத் துறையை வளர்த்தது.

விடை ஒரு மீனிலிருந்து கிடைத்தது. டார்ப்பிடோ என்ற மின் திருக்கை மீனின் மின் உறுப்பு, உருவ அளவில் ஒரு பெரும் நரம்புத்தசைச் சந்திப்பு. அதன் சாற்றைத் தசை உயிரணுக்கள் வளரும் தட்டில் விட்டபோது, சிதறிக்கிடந்த ஏற்பிகள் திட்டுத்திட்டாகக் கூடின. யூ.ஜே. மெக்மகானின் குழு 1987-இல் அந்தப் புரதத்தைப் பிரித்தெடுத்து அக்ரின் என்று பெயரிட்டது. இயக்க நரம்பு அக்ரினைத் தயாரித்து, தன் முனைக்கு அனுப்பி, அங்கே வெளியிட்டு ஏற்பிகளைக் கூட்டுகிறது என்ற கருதுகோளை மெக்மகான் 1990-இல் முன்வைத்தார்.

இதில் ஒரு நுட்பத்தை நான் வகுப்பெடுக்கும்போதெல்லாம் விட்டுவிடாமல் சொல்வேன். தசையும் அக்ரினைத் தயாரிக்கிறது. ஆனால் தசையின் அக்ரினால் ஏற்பிகளைக் கூட்ட முடியாது. நரம்பு தயாரிக்கும் வடிவத்தில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் பெரும்பாலும் 8 அமினோ அமிலங்கள் கூடுதலாக இருக்கின்றன. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு பெரும் புரதத்தில் அந்த எட்டுதான் ஆற்றலை நிர்ணயிக்கிறது. ஒரே மரபணுவிலிருந்து நரம்பு ஒரு வடிவத்தையும் தசை இன்னொரு வடிவத்தையும் எடுத்துக்கொள்வதால், கட்டளை நரம்பின் பக்கமிருந்து மட்டுமே வருகிறது.

1996-இல் அக்ரினோ மஸ்க்கோ இல்லாத எலிகளை உருவாக்கியபோது இரண்டும் பிறப்பைத் தாண்டி உயிர் வாழவில்லை. அவற்றின் தசைகளில் முறையான சந்திப்புகள் இல்லை. மஸ்க் தசையின் பக்கம் உள்ள என்சைம். ஆனால் அக்ரின் அதை நேரடியாகத் தொடுவதில்லை. இடையில் நிற்பது எல்ஆர்பி4 என்று 2008-இல் இரண்டு குழுக்கள் காட்டின. அக்ரின் எல்ஆர்பி4-ஐப் பற்ற, அது மஸ்க்கைத் தூண்ட, உள்ளிருந்து டாக்-7 அந்தத் தூண்டுதலைப் பெருக்க, ராப்சின் என்ற புரதம் ஏற்பிகளை ஒன்றோடொன்று சேர்த்துப் பிடிக்கிறது. டாக்-7 அடையாளம் காணப்பட்டது 2006-இல்; அதே ஆண்டிலேயே அதில் பழுதுள்ள நோயாளிகளும் பதிவானார்கள். அக்ரின் பழுதால் வரும் பிறவி மயஸ்தீனியா முதன்முதலில் 2009-இல் விவரிக்கப்பட்டது.

இந்த வரலாற்றில் ஒரு திருப்பம் வந்தது. 2001-இல், நரம்பே வந்து சேராத எலிக் கருக்களின் தசைகளிலும் ஏற்பிகள் தசையின் நடுப்பகுதியில் ஓரளவு கூடியிருப்பதைக் கண்டார்கள். மஸ்க் இருந்தால் போதும், நரம்பு வருவதற்கு முன்பே தசை ஓர் ஏற்பாட்டைச் செய்துவைத்திருக்கிறது. அப்படியானால் அக்ரின் எதற்கு? அது இல்லாமல் ஏன் எலி இறந்துபோகிறது?

இந்தக் கேள்விக்கான விடையே நம் சிறுமியின் கதையை விளக்குகிறது. 2005-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் அக்ரினையும், கூடவே அசிட்டைல்கோலினைத் தயாரிக்கும் என்சைமையும் நீக்கிய எலிகளை ஆராய்ந்தன. அக்ரின் மட்டும் இல்லாதபோது கலைந்துபோன ஏற்பிக் கூட்டங்கள், அசிட்டைல்கோலினும் இல்லாதபோது நிலைத்து நின்றன. அதாவது அசிட்டைல்கோலின் தன்னளவில் ஏற்பிக் கூட்டங்களைக் கலைக்கும் சக்தி. நரம்பு முனையின் நேர் எதிரே மட்டும் அக்ரின் அந்தக் கலைப்பை எதிர்த்து நிற்கிறது. மற்ற இடங்களில் ஏற்பிகள் கலைந்து மறைகின்றன. ஒரே முனையிலிருந்து வெளிவரும் இரண்டு பொருட்கள், ஒன்று கலைக்க, மற்றொன்று காக்க, இரண்டும் சேர்ந்து சந்திப்பின் எல்லையை வரைகின்றன. நான் படித்த உயிரியலில் இவ்வளவு அழகான ஏற்பாடு வேறொன்று உடனே நினைவுக்கு வரவில்லை.

இப்போது பைரிடோஸ்டிக்மினைத் திரும்பப் பாருங்கள். காக்கும் அக்ரின் பலவீனமாக உள்ள ஒரு குழந்தைக்கு, கலைக்கும் அசிட்டைல்கோலின் நெடுநேரம் தங்கும்படி மருந்து கொடுத்தோம். முதல் சில நாட்கள் எதுவும் தெரியாமல் இருந்து, இரண்டாவது வாரத்தில் சரிவு வந்ததற்கும் இதுவே பொருத்தமான விளக்கம் என்று கருதுகிறேன். ஏற்பிக் கூட்டம் ஒரு மணி நேரத்தில் கலைவதில்லை.

பேசாமலும் கட்ட முடியும்

நரம்பு முனையில் வேறொரு குழுப் புரதங்களும் இருக்கின்றன. சினாப்டோபிரெவின், ஸ்நாப்-25, சின்டாக்சின் ஆகிய மூன்றும் முறுக்கிக்கொண்டு, வேதிப்பொருள் நிறைந்த நுண்பைகளைச் சவ்வோடு இணைத்து வெளியே கொட்டச் செய்கின்றன. சினாப்டோடாக்மின் கால்சியத்தை உணர்ந்து அந்த நொடியைத் தீர்மானிக்கிறது. மன்க்18-1, மன்க்13 ஆகியவை பைகளைத் தயார்நிலையில் வைக்கின்றன. டெட்டனஸ் நச்சு அறுப்பது சினாப்டோபிரெவினை. சில போட்டுலினம் நச்சுகள் அறுப்பது ஸ்நாப்-25-ஐ. நுண்பைகளின் இந்தப் போக்குவரத்தை விளக்கியதற்காக ரோத்மன், ஷெக்மன், சூடாஃப் மூவரும் 2013-இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

இந்தப் புரதங்கள் இல்லாமல் சினாப்ஸ், அதாவது நரம்பு முனை அடுத்த உயிரணுவோடு வேதிப்பொருளால் பேசும் சந்திப்பு, உருவாகுமா? 2000-இல் மன்க்18-1 இல்லாத எலிகளைக் கொண்டு இதற்கு விடை கிடைத்தது. அந்த எலிகளின் மூளையில் ஒரு துளி வேதிப்பொருள்கூட வெளியாகவில்லை. ஆனால் மூளை அடுக்குகள் அமைந்தன, நரம்புகள் சரியான இடத்துக்குச் சென்றன, சினாப்ஸ்கள் உருவாயின. பிறகே அவை சிதைந்து, நரம்பு உயிரணுக்கள் பெருமளவில் மடிந்தன. மன்க்13 வகைகளை நீக்கிய எலிகளிலும் 2002-இல் அதேபோல் வெளியீடு இன்றியே சினாப்ஸ்கள் உருவாவதைக் கண்டார்கள். கட்டுவதற்குப் பேச்சு தேவையில்லை. கட்டியதைத் தக்கவைப்பதற்குத் தேவை. மூளையில் கட்டும் வேலையில் நரம்பு முனையின் நியூரெக்சின், எதிர்ப்பக்கத்தின் நியூரோலிஜின் போன்ற பிணைப்புப் புரதங்கள் பங்கெடுக்கின்றன. தசையில் அந்த இடத்தில் அக்ரின்.

குழந்தை மருத்துவத்தில் இந்தப் பிரிவு நேரடியாகத் தெரிகிறது. மன்க்18-1-இன் மரபணுவில் பழுது இருந்தால் பிறந்த சில நாட்களிலேயே கடுமையான வலிப்பு வரலாம். அது 2008 முதல் நமக்குத் தெரியும். ஸ்நாப்-25, சினாப்டோடாக்மின்-2, சினாப்டோபிரெவின்-1 ஆகியவற்றில் பழுது இருந்தால் வரும் பிறவி மயஸ்தீனியாவில், தூண்டத் தூண்ட எதிர்வினை பெருகும். அக்ரின் பழுதுள்ள இந்தச் சிறுமியிடம் அப்படிப் பெருகவில்லை. எல்லாமே நரம்பு முனையின் புரதங்கள்தான். ஆனால் "முனையில் கோளாறு" என்று மட்டும் எழுதிவைத்தால் சிகிச்சை தீர்மானிக்க முடியாது.

சால்பியூட்டமால்

அக்ரின், டாக்-7, மஸ்க் வகைகளுக்கு எஃபெட்ரின் அல்லது சால்பியூட்டமால் பலனளிப்பது நன்கு பதிவாகியிருக்கிறது. எஃபெட்ரின் கட்டுப்படுத்தப்பட்ட பொருள் என்பதால் இங்கே வாங்குவது சிரமம். சால்பியூட்டமால் சிரப் பாலக்கோட்டிலும் மாரண்டஹள்ளியிலும் எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கிறது. மூச்சிளைப்புக்குத் தலைமுறைகளாகக் கொடுத்துவரும் மலிவான மருந்து. குழந்தைக்கு ஆஸ்துமா இல்லையே, ஏன் இந்த மருந்து என்று மருந்துக் கடைக்காரர் அப்பாவைக் கேட்டிருக்கிறார். அதனால் மருந்துச் சீட்டில் நோயின் பெயரையும் காரணத்தையும் தமிழில் எழுதிக் கொடுக்கத் தொடங்கினேன்.

இது பீட்டா-2 ஏற்பியைத் தூண்டும் மருந்து. பைரிடோஸ்டிக்மின்போல அரை மணியில் வேலை செய்வதில்லை. சந்திப்பின் அமைப்பையே மெல்லச் சீராக்குகிறது, அதனால் பலன் வாரங்கள், மாதங்கள் கடந்துதான் தெரியும். பெற்றோரிடம் இதைத் தொடக்கத்திலேயே அழுத்திச் சொல்லாவிட்டால் இரண்டே வாரத்தில் நிறுத்திவிடுவார்கள். குறைந்த அளவில் தொடங்கிக் கூட்டினோம். இதயத் துடிப்பு, கை நடுக்கம், இரத்தத்தில் பொட்டாசியம் ஆகியவற்றைக் கண்காணித்தோம். தொடக்கத்தில் சற்று நடுக்கமும் தூக்கக் குறைவும் இருந்து அடங்கிவிட்டன.

முதல் மாதத்தில் மாற்றம் ஒன்றும் இல்லை. மூன்றாம் மாதத்தில் புரையேறுவது நின்றது. ஆறாம் மாதத்தில் தரையிலிருந்து தொடையைப் பிடிக்காமல் எழுந்தாள். இப்போது பள்ளிக்குப் போகிறாள். மாலையில் சோர்வு இன்னும் உண்டு, நீண்ட தூரம் நடக்க முடியாது, காய்ச்சல் வந்தால் பின்தங்கிவிடுகிறாள். முழுக் குணம் என்று நான் சொல்லவில்லை, குடும்பத்திடமும் சொன்னதில்லை. ஆனால் மாலையில் எடுத்த புதிய வீடியோவில் திண்ணையில் ஏறுகிறாள்.

மற்ற மருத்துவர்களுக்கு

இந்தக் குழந்தைகளின் உயிருக்கு ஆபத்தாக முடிவது பெரும்பாலும் சளிக் காய்ச்சலின்போது சாதாரணமாகப் போடும் ஊசிகள். ஜென்டாமைசின் போன்ற அமினோகிளைக்கோசைடுகள் நரம்பு முனையின் வெளியீட்டைக் குறைக்கும். சிப்ரோஃபிளாக்சசின் வகையும் அசித்ரோமைசின் வகையும் மக்னீசியமும் பலவீனத்தைக் கூட்டும். ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஜென்டாமைசின் எப்போதும் கையிருப்பில் இருக்கிறது. இறந்துபோன மூத்த குழந்தைக்கு எந்த மருந்து போட்டார்கள் என்பதற்கு இப்போது ஆவணம் எதுவும் இல்லை. ஆனால் இந்தச் சிறுமியின் பையில், தவிர்க்க வேண்டிய மருந்துகளை எழுதி நெகிழித்தாள் ஒட்டிய அட்டை ஒன்று எப்போதும் இருக்கிறது. அவளுடைய வகுப்பு ஆசிரியையிடமும் ஒரு பிரதி இருக்கிறது.

தாமதமாக நடக்கும் ஒவ்வொரு குழந்தையையும் மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லவில்லை. பொழுது சாயும்போது எப்படி இருக்கிறாள், விளையாடிய பிறகு எப்படி இருக்கிறாள் என்று கேட்பதற்குச் செலவே இல்லை. இமை தாழ்கிறதா என்று ஒரு நிமிடம் மேலே பார்க்கச் சொல்வதற்கும் கருவி தேவையில்லை. சந்தேகம் வந்தால் மாவட்ட ஆரம்பகட்ட இடையீட்டு மையம் வழியாகவோ நேரடியாகவோ நரம்பியல் வசதியுள்ள இடத்துக்கு அனுப்பலாம். கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு நிம்ஹான்ஸ் இரண்டு மணி நேரப் பயணத்தில்தான் இருக்கிறது.

சொந்தமும் சோதனையும்

தமிழ்நாட்டில் நான்கில் ஒரு திருமணத்துக்கு மேல் இரத்த உறவுக்குள் நடப்பதாகத் தேசியக் குடும்ப நல ஆய்வு காட்டுகிறது. தாய்மாமனும் மருமகளும் தம் மரபணுக்களில் கால் பங்கைப் பொதுவாகக் கொண்டிருப்பார்கள். இந்தப் பெற்றோருக்கு ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு, இதே நோயோடு குழந்தை பிறக்கலாம். குடும்பத்தில் இருக்கும் மாற்றம் இன்னதென்று தெரிந்துவிட்டதால், அடுத்த கர்ப்பத்தின் 11-வது வாரம் முதல் நச்சுக்கொடித் திசுவை எடுத்துப் பார்க்க முடியும். இதைச் சொல்லும்போது திருமண முறையைப் பழித்துப் பேசுவதில் எந்தப் பயனும் இல்லை. அப்படிப் பேசினால் அந்தக் குடும்பம் மறுமுறை வராது. அம்மா கேட்ட முதல் கேள்வி, "அப்படியானால் மூத்தவன் செத்ததும் இதனால்தானா சார்?" என்பது. பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும் என்றேன். அதற்குப் பிறகு யாரையும் குற்றம் சொல்லும் பேச்சு அந்த அறையில் எழவில்லை.

அடுத்த முறை பாட்டி தனியாக வந்து வேறொன்று கேட்டார். தன் இளைய மகளுக்குச் சொந்தத்திலேயே ஒரு மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்களாம், செய்யலாமா கூடாதா? அந்தப் பெண் இந்த மாற்றத்தைச் சுமக்க ஐம்பது சதவீத வாய்ப்பு உண்டு. இருவரும் சுமந்தால் மட்டுமே பிள்ளைகளுக்கு இந்த நோய் வரும். குடும்பத்தில் தெரிந்துள்ள ஒரே மாற்றத்தை மட்டும் தேடுவதால் பரிசோதனை மலிவு என்று விளக்கினேன். பெண் பரிசோதித்துக்கொண்டாள், அவளிடம் மாற்றம் இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டாரிடம் இதை எப்படிச் சொல்வது என்று அவர்களுக்குள் நெடுநேரம் பேசியிருக்கிறார்கள். பெண்ணின் உடம்பில் எந்த நோயும் இல்லை, இனி வருவதற்கும் இல்லை என்று கடிதம் எழுதிக் கொடுத்தேன். சென்ற வாரம் மாப்பிள்ளையும் இரத்த மாதிரி கொடுத்திருக்கிறார். முடிவு வந்ததும் இரு வீட்டாரையும் ஒன்றாக வரச் சொல்லியிருக்கிறேன்.